நுண்ரோபோ துள்ள ஸ்பிரிங்கும் கொக்கியும் போதுமா?

வில்லாளி:
பூச்சி அளவு ரோபோ நொடிப்பொழுதில் துள்ளணும்னா ஸ்பிரிங்கை இழுத்துக் கொக்கியில் மாட்டி வைப்பதுதான் ஒரே வழி. தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க அதன் விசை குறையும். தசைகளை ஆராய்ந்த ஏ. வி. ஹில் 1938லேயே அளந்து காட்டிவிட்டார். அதனால்தான் தெள்ளுப்பூச்சி நிதானமாக ஆற்றலைத் தேக்கி, சுமார் ஒரு மில்லிநொடியில் மொத்தத்தையும் விடுகிறது. பொறித்தாடை எறும்பின் தாடை 0.13 மில்லிநொடியில் மூடிவிடும். நேரடியாக இழுத்து இந்த வேகத்தை எட்டும் தசை கிடையாது.

சிறகடி:
சரி, கொக்கி விட்டதும் என்ன செய்வீங்க? பாதியில் நிறுத்த முடியாது, திசை மாற்ற முடியாது. அடுத்த துள்ளலுக்கு முதலிலிருந்து இழுக்கணும். கொக்கியே இல்லாமல் சில குட்டி ஈக்கள் விநாடிக்கு 1000 தடவைக்கு மேல் சிறகடிக்குது. அதைப் பாருங்க.

வில்லாளி:
அந்த ஈயின் நெஞ்சுக்கூடே ஸ்பிரிங்தானே! சிறகு நின்று திரும்பும்போது ஆற்றல் அதில்தான் தங்குகிறது.

சிறகடி:
ஸ்பிரிங்கை நான் எங்கே மறுத்தேன்? என் சண்டை கொக்கியோடுதான்.

வில்லாளி:
அப்போ கொக்கி வைத்தே இரையை அடிக்கும் மாண்டிஸ் இறால் என்ற கடலுயிருக்கு என்ன பதில்? தண்ணீருக்குள்ளேயே விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் குத்துகிறது, அந்த வேகத்தில் நீராவிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. எவ்வளவு பலமாகக் குத்துவது என்பதைத் தசையை இறுக்கும்போதே தீர்மானித்துவிடுகிறது. விட்ட அம்பைத் திருப்ப முடியாதுதான், நாணை எவ்வளவு இழுப்பது என்பது எய்பவன் கையில் இருக்கிறதே.

பல்சக்கரம்:
ரெண்டு பேரும் பூச்சியையே பிடிச்சுத் தொங்குறீங்க. ஸ்பிரிங் ஆற்றலை உண்டாக்காது, உள்ளே போனதைக் குறைந்த நேரத்தில் வெளியே தள்ளும், அவ்வளவுதான். விலங்கின் துள்ளலுக்குத் தசை ஒருமுறை சுருங்கித் தரும் ஆற்றலே வரம்பு. மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிச் சேர்க்கலாம். 2022இல் பொறியாளர் ஹாக்ஸின் குழு செய்த 30 செ.மீ. துள்ளும் கருவி 30 மீட்டருக்கும் மேலே பாய்ந்தது. அந்த உயரத்துக்கு எந்தப் பூச்சியும் துள்ளியதில்லை.

சிறகடி:
30 செ.மீ.க்குச் சரி. மில்லிகிராம் அளவுக்கு இறங்குங்க. காந்தச் சுருள் மோட்டாரைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் திறன் சரியும். ரோபோபீ என்ற பூச்சி அளவு பறக்கும் ரோபோ, சிறகை அழுத்தமின் படிகத்தால் (மின்சாரம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருள்) ஆட்டுவது அதனால்தான். அந்த அளவில் உங்க ஸ்பிரிங்கை எதை வைத்துச் சுற்றுவீங்க?

பல்சக்கரம்:
அதே படிகத்தை வைத்துத்தான். ஒவ்வொரு அதிர்வுக்கும் பல்சக்கரம் ஒரு பல் நகரட்டும். ஆயிரம் அதிர்வில் ஸ்பிரிங் முறுகிவிடும். அவசரமே இல்லை, விடுவதுதான் வேகமாக இருக்கணும்.

சிறகடி:
ஒவ்வொரு பல்லிலும் உராய்வு எவ்வளவு தின்னும் என்ற கணக்கையும் போடுங்க, பிறகு ஒத்துக்கிறேன்.