புதுப்பிப்பு: கிற்றார் ரியூப் (வால்வு) அம்பில குழம்பின பேஸ்

முந்தி எழுதினது: கெயினைக் (சிக்னலைப் பெருக்கிற அளவை) கூட்டினால் கிற்றாரின்ர தடிச்ச கம்பியின்ர சத்தம் குழம்புது, முதல் ட்ரையோட்டின்ர (சிக்னலைப் பெருக்கிற வால்வுப் பகுதி) கதோட்டில (எலக்ட்ரோன் வெளிவிடுற முனை) இருக்கிற 25 மைக்ரோபராட் கப்பாசிற்றரை 0.68 ஆக மாத்துங்கோ எண்டு. அங்க இருக்கிற 1.5 கிலோ ஓம் றெசிஸ்டரோட வெட்டுப்புள்ளி (இதுக்குக் கீழ சத்தம் குறையிற அலைவெண்) ஏறக்குறைய 4 ஹேர்ட்ஸில இருந்து 156க்கு ஏறும். ஆகத் தடிச்ச தாழ் ஈ கம்பி 82 ஹேர்ட்ஸ், அதால அதின்ர பெருக்கம் குறையும். 0.68க்கு பிலிம் கப்பாசிற்றர் போடுங்கோ, பிளஸ் மைனஸ் பாக்கத் தேவையில்லை.

அது மட்டும் காணாது. அடுத்த வால்வின்ர கிறிட் (சிக்னல் போற முனை) கரண்ட் இழுக்கேக்க, ரண்டு வால்வுக்கும் இடையில சிக்னலைக் கடத்திற கப்லிங் கப்பாசிற்றர் சார்ஜ் ஏறி, இறங்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியிலதான் ஸ்வரம் அடைச்சு வெளிவரும். 1 மெக் ஓம் றெசிஸ்டரோட இந்தக் கப்லிங் 0.022 மைக்ரோபராட் எண்டால் 22 மில்லிசெக்கன், 0.0047 எண்டால் 4.7 தான். 0.0047ஐயே போடுங்கோ, 600 வோல்ட் தாங்கிறதா. கதோட்டுக் கப்பாசிற்றர் 25 வோல்ட் தாங்கினால் போதும்.

கப்லிங்கை 0.0022 வரை இறக்கவேண்டாம், கதோட்டில 0.68ஓட சேர்ந்தால் கிளீன் (கெயின் கூட்டாத) சத்தம் தகரம் தட்டின மாதிரி மெலிஞ்சுபோகும். கிளீன்தான் முக்கியமெண்டால் கதோட்டில 2.2 நல்லது.

பிளக்கைக் கழற்றினாலும் பவர் சப்ளையின்ர பில்டர் கப்பாசிற்றரில 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். 10 கிலோ ஓம் 5 வாட் றெசிஸ்டரால இறக்கி, மீற்றரில பாத்தபிறகுதான் கை வையுங்கோ.