சிப்பிக்குப்பையா, கிளிஞ்சல் மேடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு சொல்லைக் கேட்டதற்கு இத்தனை மடல்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடையில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் சானல் தீவுகளில் ஜான் எர்லாண்ட்சன் என்ற தொல்லியலாளர் செய்த ஆய்வுகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே 'ஷெல் மிடன்' என்ற ஆங்கிலக் கலைச்சொல் வந்து வழியை மறித்துக்கொண்டது. அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்றுதான் உங்களிடம் கேட்டிருந்தேன்.

கடற்கரையில் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் மட்டியும் தின்று, ஓடுகளை ஒரே பக்கமாகப் போட்டுப் போட்டு மேடாகிப்போன இடம் அது. ஓட்டோடு மீன்முள், விலங்கெலும்பு, அடுப்புக்கரி, உடைந்த கருவி எல்லாம் கிடக்கும். இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைப் பக்கம் பல்லேமலல, மினிஅத்திலிய என்ற இடங்களில் இப்படிப்பட்ட குவியலுக்குள் மனிதர்களைப் புதைத்திருந்ததும் தெரிய வந்தது.

இனி, வந்த யோசனைகளுக்கு வருகிறேன்.

> கிளிஞ்சல் மேடு என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் எதைப் புரிந்துகொள்வார்கள்? அலை ஒதுக்கிச் சேர்த்ததும் கிளிஞ்சல் மேடுதான். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. டென்மார்க்கில் 1848இல் இதை ஆராய ஒரு குழுவே போட்டார்கள். விலங்கியலுக்கு ஸ்டீன்ஸ்ட்ரப், நிலவியலுக்கு ஃபோர்க்ஹாமர், தொல்லியலுக்கு வோர்சோ. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன பழைய கரை என்றுதான் ஸ்டீன்ஸ்ட்ரப் முதலில் நினைத்தார். பிறகு தோண்டிப் பார்த்தால், ஓடுகள் ஏறக்குறைய எல்லாமே நன்றாக வளர்ந்தவை, குஞ்சுச் சிப்பிகளைக் காணோம். கடலில் ஓரிடத்தில் சேர்ந்து வாழாத இனங்கள் ஒரே குவியலில் கிடந்தன. நடுநடுவே கரி, வெட்டுப்பட்ட எலும்பு. அலைக்குப் பொறுக்கிச் சேர்க்கத் தெரியாது. பசித்த மனிதனுக்குத் தெரியும். ஆக, இது சாப்பிட்டுப் போட்டது என்று முடிவானது. அதனால்தான் அவர்கள் வைத்த சொல்லிலேயே 'சமையலறைக் குப்பை' இருக்கிறது. மனிதக் கை பட்டது என்பது நம் சொல்லிலும் தெரிய வேண்டாமா? 'மேடு' அதைச் சொல்வதில்லை.

> சங்குமேடு?

அழகாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் அது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கொற்கையிலும் அழகன்குளத்திலும் அகழ்ந்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. அவை வளை அறுத்த பட்டறைக் கழிவு, சாப்பாட்டு மிச்சம் அல்ல. தொழிற்கழிவுக்கு ஒரு சொல் தேவைப்படும்போது 'சங்கறுப்புக் கழிவு' என்று அதைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

> குப்பை என்று மட்டும் எழுதாதீர்கள். நாளைக்கே யாராவது பொக்லைன் கொண்டுவந்து அள்ளிப்போட்டுவிடுவார்கள்!

சிரித்துவிட்டேன். ஆனால் கௌரவமான பெயர் எதையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி இருந்த குவியல்களுக்கு அங்கே 'ஷெல்மவுண்ட்', அதாவது 'ஓட்டுமேடு' என்றுதான் பெயர். நெல்சன் என்பவர் 1909இல் வெளியிட்ட அளவாய்வில் ஏறத்தாழ 425 மேடுகளைக் கணக்கெடுத்திருந்தார். அவற்றில் பெரியவற்றுள் ஒன்றான எமரிவில் மேட்டை 1924இல் தொழிற்சாலைக்காகத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் நிற்கிறது. பக்கத்துத் தெருவின் பெயர் மட்டும் ஷெல்மவுண்ட் தெரு.

அப்புறம், குப்பை என்ற சொல்லை நாம் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறோம். கழிவு என்ற பொருள் முன்னுக்கு வந்தது பின்னால்தான். பழைய பொருள் குவியல். நற்றிணையின் 138ஆம் பாட்டில், நெய்தல் நிலத்தில், உப்பு 'குன்று போல் குப்பை'யாகக் கிடக்கிறது. உமணர் மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்கும் உப்பு அது. அதை யாரும் கழிவு என்று சொல்லமாட்டார்கள். கடற்கரை, வெள்ளைக் குவியல், குப்பை என்று மூன்றும் ஏற்கெனவே ஒரே பாட்டில் கூடியிருக்கின்றன. குவியல் என்ற பழம்பொருளும் கழித்துப்போட்டது என்ற புதுப்பொருளும் இந்தப் பண்டத்துக்கு ஒருசேரப் பொருந்துகின்றன. வேறெந்தத் தமிழ்ச்சொல்லும் இப்படி இரண்டு வேலையும் பார்க்கவில்லை. என் வாக்கு சிப்பிக்குப்பைக்கு.

> மீனவர் பேச்சில் மட்டி வேறு, சிப்பி வேறு. சானல் தீவுகளில் கிடைப்பதில் பாதி அபலோன் என்ற கடல்நத்தை. அது ஒற்றை ஓட்டுப் பிராணி.

உண்மைதான். கடல் முள்ளெலியின் ஓடும் முள்ளும்கூட அந்தக் குவியல்களில் ஏராளம். ஆனால் தேங்காய்ச் சட்னியில் தேங்காய் மட்டுமா இருக்கிறது? டென்மார்க்கில் பெரும்பாலும் ஆளிச்சிப்பி, பிரேசிலில் மட்டி. பிரேசிலில் வழங்கும் சம்பாக்கி என்ற சொல்லும் அங்குள்ள பழங்குடியினரின் துப்பி மொழியில் 'ஓட்டுக் குவியல்'தான். எந்த ஓடு என்று அது கேட்பதில்லை. ஓடே இல்லாத பொதுக் குவியலுக்கு 'வாழிடக் குப்பை' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

ஒரு கலைச்சொல் நல்லதா என்று பட்டியலில் வைத்துப் பார்த்தால் தெரியாது. வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். என் கட்டுரையில் அந்த மூன்றாம் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

'சானல் தீவுகளில் ஒன்றான சான் மிகுவேல் தீவின் சிப்பிக்குப்பைகளில் ஏறத்தாழ 10,000 ஆண்டுச் சாப்பாட்டுக் கணக்கு அடுக்கடுக்காக இருக்கிறது. சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 3,500 ஆண்டுகளுக்கு முன்புவரையிலான குப்பையடுக்குகள் பலவற்றில் பெரிய சிவப்பு அபலோன் ஓடுகள் நிறைந்து கிடக்கின்றன. கடல்நீர்நாய்கள் அபலோனையும் முள்ளெலியையும் விரும்பித் தின்பவை. அவை நிறைய இருக்கும் இடத்தில் அபலோன் இவ்வளவு பெருகாது. ஆகவே தீவுவாசிகள் நீர்நாயை வேட்டையாடி அந்தப் பகுதியில் குறைத்திருக்க வேண்டும் என்று எர்லாண்ட்சனும் டோர்பன் ரிக்கும் மற்ற கூட்டாளிகளும் கருதினார்கள். காலம் செல்லச் செல்லச் சில இனங்களின் ஓட்டு அளவு சராசரியில் சிறுத்துக்கொண்டே வருவதையும் இதே குப்பைகளை அளந்துதான் கண்டார்கள்.'

எனக்கு உறுத்தவில்லை. 'கிளிஞ்சல் மேட்டு அடுக்குகள்' என்று போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

அடுத்த பத்தியில் இன்னொரு சொல் காத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தோல் வணிகர்கள் நீர்நாயை ஏறக்குறைய அழித்தார்கள். தின்ன ஆளில்லாமல் அபலோன் பெருகியது. 1850களில் தொடங்கிச் சீன மீனவர்கள் அதை அறுவடை செய்தார்கள், பின்னர் மற்றவர்களும். 20ஆம் நூற்றாண்டில் கடலைப் பார்த்தவர்கள் அந்த வளத்தையே இயற்கையான அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். 1997இல் தென்கலிபோர்னியாவில் அபலோன் பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2001இல் வெள்ளை அபலோன் அழிவபாயப் பட்டியலில் ஏறியது. தான் முதலில் பார்த்ததையே ஒவ்வொரு தலைமுறையும் ஆதிநிலை என்று நம்பும் இந்த மயக்கத்துக்கு 1995இல் டேனியல் பாலி என்ற மீன்வள ஆய்வாளர் 'ஷிஃப்டிங் பேஸ்லைன்' என்று ஒரு பெயர் வைத்தார். அதற்கு ஒருவர் 'நகரும் அடிக்கோடு' என்றார். அது பள்ளி நோட்டில் போடும் கோடு மாதிரி இருக்கிறது. இன்னொருவர் 'மாறும் முன்னிலை' என்றார். முன்னிலை என்றதும் தமிழாசிரியருக்கு 'நீ, நீங்கள்' நினைவுக்கு வரும். இப்போதைக்கு 'நழுவும் தொடக்கநிலை' என்று எழுதியிருக்கிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, மேலானது கிடைத்தால் மாற்றிவிடுகிறேன். 'ஹிஸ்டாரிகல் எகாலஜி'க்கு நான் வைத்த 'வரலாற்றுச் சூழலியல்' பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை அப்படியே விட்டுவிடலாம்.

சிப்பிக்குப்பையை ஒரே சொல்லாக, க் போட்டுச் சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் தேடும்போது அகப்படாது. கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் 'தின்று போட்ட சிப்பியோடுகளின் பழங்குவியல்' என்று ஒரு விளக்கமும் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக, 'எச்சில்மேடு' என்று பாதி விளையாட்டாக எழுதிய நண்பருக்கு: கலைச்சொல்லாக அது போகாது, பள்ளிப் பாடத்தில் வந்தால் வகுப்பே சிரிக்கும். ஆனால் கட்டுரைக்குத் தலைப்பில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். 'பத்தாயிரம் ஆண்டு எச்சில்' என்று வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு மறுப்பில்லை என்றால்.

அன்புடன்