அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியை நடத்துகிற குவார்ட்டர்பேக் அடிபட்டு விழுந்த நாளில் நீங்கள் மைதானத்தில் இருந்ததுண்டா?

பாஸ்டன் பக்கத்திலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். 2001 செப்டம்பர் 23, ஃபாக்ஸ்பரோவின் பழைய மைதானம். நான் மாசசூசெட்ஸ் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது, கூப்பிட்டார், போனேன். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பன்னிரண்டே நாள். எங்கள் அணியான பேட்ரியாட்ஸின் வீரர் ஜோ ஆண்ட்ரூசியின் சகோதரர்கள் மூவர் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர்கள். ஆட்டத்துக்கு முன் அவர்களை மைதானத்துக்குள் அழைத்து வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றோம். எதிரணியும் நியூயார்க் ஜெட்ஸ்தான்.

கடைசி கால்பகுதியில் எங்கள் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோ பந்தோடு வலப்பக்கக் கோட்டை நோக்கி ஓடினார். அவர் வேகமாக ஓடுகிறவர் இல்லை. கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தால் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டடி கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜெட்ஸின் மோ லூயிஸ் வந்து மோதினார். அந்தச் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. அலுமினிய பெஞ்சில் என் கை இருந்தது, அதைப் பிடித்தபடியே உறைந்துவிட்டேன். அவர் எழுந்தார், அடுத்த முறை மறுபடியும் ஆடவும் வந்தார். அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தோம். அப்புறம் 12 எண் போட்ட ஒல்லியான பையன் ஒருவன் இறங்கினான். 10–3 என்று தோற்றோம். ரூட் 1 நெரிசலில் கார் நகராமல் நின்றபோது, இந்த வருடமும் அவ்வளவுதான் என்று நண்பர் சலித்துக்கொண்டார்.

மார்பில் ரத்தக்குழாய் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிலையில்தான் அவர் திரும்பவும் ஆட வந்திருக்கிறார். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த வருடம் மார்ச்சில்தான் பத்து வருடத்துக்கு 103 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அணியின் எதிர்காலமே அவர்தான் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. உள்ளே வந்த அந்த 12 எண் பையன் டாம் பிராடியோ, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2000-இல் ஆறாவது சுற்றில், 199-ஆவதாக எடுக்கப்பட்டவர். முந்தைய வருடம் 5 வெற்றி, 11 தோல்வி என்றிருந்த அணி, 11–5 என்று முடித்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றது. நவம்பரில் பிளெட்ஸோ தேறி வந்தும் பயிற்சியாளர் பெலிசிக் பிராடியை மாற்றவில்லை. என்னைக் கேட்டால் அந்த முடிவில்தான் அணியின் எதிர்காலம் மாறியது. அடிபட்டதால் கதவு திறந்தது, உண்மை. அத்தனை பணம் கொடுத்த ஆளிடம் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கத் துணிச்சல் வேண்டுமே.

உங்கள் ஊரில் என்ன நடந்தது? எழுதுங்கள்.


வர்ஜீனியாவிலிருந்து:

அண்ணா, உங்கள் ஊருக்குக் கதவு திறந்தது. எங்களுக்கு இரண்டு முறையும் மூடித்தான் போனது.

முதலில் ராபர்ட் கிரிஃபின். இந்தக் குவார்ட்டர்பேக்கை டிராஃப்ட்டில் எடுப்பதற்காக எங்கள் வாஷிங்டன் அணி மூன்று வருட முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் ரேம்ஸ் அணிக்குக் கொடுத்தது. 2013 ஜனவரி 6, சியாட்டலுடன் பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே 14–0 முன்னிலை, ஆனால் அவர் நொண்ட ஆரம்பித்துவிட்டார். பிய்ந்து கிடந்த அந்தப் புல்தரையில் அவர் காலை இழுத்து இழுத்து நடந்ததை மேல் வரிசையில் இருந்த நானே பார்த்தேன். வெளியே எடுக்கவில்லை. கடைசியில் தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்கத் திரும்பியபோது முழங்கால் அப்படியே மடங்கியது. 24–14 தோல்வி, அடுத்த சீசன் 3–13, பயிற்சியாளருக்கும் வேலை போயிற்று. அந்த ஓட்டம் கிரிஃபினுக்குத் திரும்பவே இல்லை. கிழிந்த தசைநாரைத் தைத்துவிடலாம். கொடுத்துவிட்ட டிராஃப்ட் தேர்வுகளை யார் திருப்பித் தருவார்கள்? அந்த ஓட்டைகள் அணியில் பல வருடம் அப்படியே கிடந்தன.

இரண்டாவது 2018 நவம்பர் 18, ஹூஸ்டனுடன். என் மகனுக்குப் பத்து வயது, அவனுடைய முதல் ஆட்டம் அது. எங்கள் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் வலது கால் எங்கள் பக்கமாகத்தான் மடங்கியது. மகனின் கண்ணைப் பொத்தினேன், ஆனால் அதற்குள் பார்த்துவிட்டான். வீரர்கள் ஒவ்வொருவராக முட்டி போட்டார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தை அழுவது தனியாகக் கேட்டது. ஆட்டம் 23–21 என்று போனது. 1985-இல் இதே நவம்பர் 18-இல் இதே அணியின் ஜோ தீஸ்மனுக்கும் கால் முறிந்தது, அந்த ஆட்டமும் 23–21தான். ஸ்மித் விழுந்த அன்று தீஸ்மனும் மைதானத்தில் இருந்தார் என்று பிறகு படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதுவரை 6–3 என்று எங்கள் நான்கு அணிப் பிரிவில் முதலிடம். அடுத்து வந்த கோல்ட் மெக்காய்க்கும் இரண்டு வாரத்தில் கால் முறிந்தது. அப்புறம் மார்க் சான்செஸ், அப்புறம் ஜாஷ் ஜான்சன். ஒரே சீசனில் நான்கு பேர், முடிவு 7–9. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்மித்துக்கு 71 மில்லியன் டாலர் உறுதி செய்திருந்தார்கள். சம்பள உச்சவரம்பு இருக்கும் லீக் இது. ஆள் மருத்துவமனையில் இருந்தாலும் அந்தத் தொகை கணக்கில் உட்கார்ந்தே இருக்கும், வேறு நல்ல ஆளை வாங்க இடம் இருக்காது. தவறு யாருடையதும் இல்லை, ஆனாலும் அணி இரண்டு மூன்று வருடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஸ்மித்துக்குக் காலில் கிருமி பரவி, உயிர் பிழைப்பதே கேள்வியாகி, 17 அறுவை சிகிச்சைகள். 2020 அக்டோபர் 11 அன்று மழையில் திரும்ப ஆடினார். கொரோனா காலம், மைதானம் காலி, மனைவியும் குழந்தைகளும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். ரேம்ஸின் ஆரன் டொனால்ட் அவர் முதுகில் ஏறி அமுக்கியபோது நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்மித் எழுந்தார். மகன் என் தோளைத் தட்டி, 'அப்பா, கால் நன்றாகத்தான் இருக்கிறது' என்றான். அந்த சீசனில் அவர் தொடங்கிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் ஜெயித்து, 7–9 என்ற கணக்கோடேயே பிரிவையும் வென்றார்கள்.


இண்டியானாபொலிஸிலிருந்து:

எங்கள் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் மைதானத்தில் விழவே இல்லை. 1998 முதல் 2010 வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூட விடாமல், தொடர்ந்து 208 ஆட்டங்கள். 2011-இல் கழுத்து அறுவை சிகிச்சை, முழு சீசனும் போயிற்று. முந்தைய வருடம் 10–6 எடுத்த அதே அணி முதல் 13 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரே மனிதர் எத்தனை குறைகளை மூடி வைத்திருந்தார் என்று அன்றுதான் ஊருக்குப் புரிந்தது.

2–14 என்று கடைசி வரிசையில் முடித்ததால் அடுத்த டிராஃப்ட்டில் முதல் தேர்வு கிடைத்தது, ஆண்ட்ரூ லக் வந்தார், மேனிங்கை விடுவித்தார்கள். அவர் டென்வர் போய் ஐம்பதாவது சூப்பர் பவுலை வென்றார். லக்கும் அருமையான ஆட்டக்காரர். ஆனால் அவருக்கு முன்னால் தடுத்து நிற்கிறவர்களைச் சரியாகக் கட்டவில்லை. தோள், சிறுநீரகம், கெண்டைக்கால் என்று அடி மேல் அடி. 2019 ஆகஸ்ட் 24 அன்று பயிற்சி ஆட்டம் நடக்கும்போதே அவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி ஃபோன் ஃபோனாகப் பரவியது. வெளியே நடந்து போன 29 வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கூட்டம் ஏளனமாகக் கத்தியது. என் மகள் 12 எண் சட்டை போட்டுக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தத்துக்காக எங்கள் ஊரை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன்.

2019 முதல் 2023 வரை ஐந்து சீசன்கள். ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்திலும் இறங்கியது ஒரு புது ஆள், மொத்தம் ஐந்து வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகள்.


நியூ ஜெர்சியிலிருந்து:

2023 செப்டம்பர் 11. ஆரன் ராட்ஜர்ஸ். ஜெட்ஸுக்காக நான்காவது பந்திலேயே குதிகால் தசைநாண் கிழிந்தது. வாசலில் வாங்கிய பாப்கார்ன் இன்னும் சூடாக இருந்தது. அன்றைய ஆட்டம் ஜெயித்தோம், சீசன் 7–10. வேறு எழுத மனம் வரவில்லை. பாஸ்டன் சார், பிளெட்ஸோவுக்கு அப்புறம் என்ன ஆனது?


பாஸ்டன் பக்கத்திலிருந்து:

கேட்டதற்கு நன்றி தம்பி. அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

2002 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் பிராடிக்குக் கணுக்கால் பிசகியது. நான்கு மாதமாக பெஞ்சில் இருந்த பிளெட்ஸோ இறங்கினார். கிட்டத்தட்ட அதே மாதிரி கோட்டோரம் ஓடி, அதே மாதிரி அடி வாங்கினார். எழுந்து வந்து டேவிட் பேட்டனுக்குப் பந்தை எறிந்து, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனை எடுத்துக் கொடுத்தார். அந்த வெற்றி இல்லாமல் சூப்பர் பவுலே இல்லை. ஏப்ரலில் அவரை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டு ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த டிசம்பரில் பஃபலோ சட்டையோடு புது மைதானத்துக்கு வந்தார். பழையதை இடித்துவிட்டிருந்தார்கள். அன்று நாங்கள் ஜெயித்தோம். அவர் பயிற்சிக்காக வெளியே வந்தபோது நானும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரரும் எழுந்து நின்று, கை வலிக்கும் வரை தட்டினோம்.