மாயா எழுத்தில் ஒரே சொல்லுக்கு ஐந்து ஸ்பெல்லிங்: விதியா, எழுதுபவர் விருப்பமா?

அகிலா:
மத்திய அமெரிக்காவின் பழைய மாயா அரசர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜாகுவாருக்கு அவர்கள் மொழியில் 'பாலம்' என்று பெயர். கல்வெட்டுகளில் இதை ஐந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். ஜாகுவார் தலையை மட்டும் வரைகிறார்கள். தலைக்கு முன்னால் 'ப' சேர்க்கிறார்கள், அல்லது பின்னால் 'ம' சேர்க்கிறார்கள், சில இடங்களில் இரண்டையும். தலையே இல்லாமல் ப-ல-ம என்று மூன்று எழுத்தாகவும் வருகிறது. இதுவரை புரிகிறது. ஆனால் சில புத்தகங்களில் 'பஹ்லம்' என்று இருக்கிறது. அந்த 'ஹ்' ஐந்தில் எதிலும் இல்லையே, எங்கிருந்து வந்தது? எழுதியவர்களுக்கு விதி என்று ஏதாவது இருந்ததா?

எழுத்தச்சன்:
விதியைவிட விருப்பம்தான் அதிகம். மாயா எழுத்தர் ஒரு சதுரக் கட்டத்தை அழகாக நிரப்ப வேண்டும். இடம் இருந்தால் துணை எழுத்து சேர்ப்பார், இல்லாவிட்டால் விடுவார். பலென்கே என்ற மாயா நகரின் அரசர் பகாலின் பெயரைப் பாருங்கள். பகால் என்றால் கேடயம். ஒரு இடத்தில் கேடயம் வரைந்திருக்கும், இன்னோர் இடத்தில் கேடயத்தோடு 'ல', வேறோர் இடத்தில் ப-க-ல. 'உ' என்ற ஒரே ஒலிக்குப் பத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. ஒரே கல்லில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராமல் மாற்றி மாற்றிப் போடுவதை அவர்கள் திறமையாக நினைத்தார்கள்.

கோப்பைகளில் வரும் 'ககவ்' (நம் கொக்கோ) இன்னும் தெளிவான சாட்சி. முழுதாக எழுதினால் க-க-வ. பல இடங்களில் ஒரே ஒரு 'க' போட்டு, இரட்டித்துப் படி என்று மேலே இரண்டு புள்ளி வைப்பார்கள். சில இடங்களில் அந்தப் புள்ளியும் இருக்காது, வெறும் க-வ. படிப்பவருக்குச் சொல் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதிய எழுத்து இது. இதிலிருந்து நுணுக்கமான உச்சரிப்பைக் கறப்பது ஆபத்து. அந்த 'ஹ்' இன்றும் பேசப்படும் மாயா மொழிகளில் ஒன்றான சோல் மொழியில் இருக்கிறது. கல்லில் இல்லை.

மலைமகள்:
எழுத்தச்சன் சார், இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறீர்கள். 'உ'வுக்குப் பத்து வடிவம் இருப்பது கையெழுத்துக் கலை. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு சொல்லின் கடைசியில் எந்த உயிர்மெய் வருகிறது என்பது கலை இல்லை.

அகிலாவுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாயாவில் தனி மெய்யெழுத்து கிடையாது, ஒலியெழுத்துகள் உயிரும் உயிர்மெய்யும்தான். சொற்களோ பெரும்பாலும் மெய்யில் முடியும். அதனால் கடைசி உயிர்மெய்யில் உள்ள உயிரைப் படிக்காமல் விட வேண்டும். எந்த உயிரை அப்படிச் சும்மா வைப்பது? முன்னால் உள்ள உயிரையே திரும்ப வைப்பார்கள் என்று 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி நோரோசோவ் கண்டுபிடித்தார். ட்ரெஸ்டன் நகரில் உள்ள மாயாச் சுவடியில் பதினொன்று என்ற எண் வரவேண்டிய இடத்தில் பு-லு-கு என்ற சொல் இருந்தது. படித்தால் 'புலுக்', இன்றும் பேசப்படும் மாயா மொழியான யுகடெக்கில் பதினொன்று. வான்கோழி கு-ட்சு, 'குட்ஸ்'. நாய் ட்சு-லு, 'ட்சுல்'.

ஆனால் இதற்குப் பொருந்தாத சொற்கள் நிறைய. எலும்பு ப-கி, கல் து-னி, மழைக்கடவுள் ச-கி. இஷ்டம்தான் காரணம் என்றால் ப-க, ப-கு, ப-கெ எல்லாம் கலந்து கிடைக்க வேண்டும். ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக 'கி'தான் பெரும்பாலும் வருகிறது. 1998இல் ஹூஸ்டன், ஸ்டூவர்ட், ராபர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். உயிர் ஒத்துப்போனால் சொல்லில் குறில். ஒத்துப்போகாவிட்டால் நெடில், அல்லது உயிரை அடுத்துத் தொண்டையில் ஓர் ஒலி. இன்றைய யுகடெக்கில் எலும்பு பாக், கல் தூன், மழைக்கடவுள் சாக். மூன்றும் நெடில். இதைத் தற்செயல் என்று எப்படி விடுவது?

தேனி வாசகன்:
இடையில் ஒரு வார்த்தை. 1562இல் மானி ஊரில் மாயா சுவடிகளை எரித்த ஸ்பானியப் பாதிரியார் டியேகோ தெ லாண்டாதான் பின்னர் ஓர் "அகரவரிசை"யையும் எழுதி வைத்தார். அவர் ஸ்பானிஷ் எழுத்துப் பெயர்களைச் சொல்ல, மாயா எழுத்தர் அந்த ஒலிக்கு உயிர்மெய்களை எழுதிக்கொடுத்தார். நோரோசோவுக்குக் கைகொடுத்தது அந்தப் பக்கம்தான். அன்றைய பெரிய மாயா ஆய்வாளர் எரிக் தாம்ப்சன் நோரோசோவின் வாசிப்பைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் பெரிய பெயர்கள் மறுக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் பேச வேண்டாம்.

எழுத்தச்சன்:
பெயர்களை விடுவோம், மொழியைப் பார்ப்போம். மலைமகள் அக்கா சாட்சிக்கு அழைப்பது யுகடெக்கை. ஆனால் செவ்வியல் கால (சுமார் கி.பி. 250-900) கல்வெட்டுகளின் மொழி முக்கியமாகச் சோலன் என்ற வேறொரு மாயா மொழிக் கிளை. அதே ஹூஸ்டன், ஸ்டூவர்ட், ராபர்ட்சன் 2000இல் அதை இன்றைய சோர்த்தி மொழியின் முன்னோடி என்று எழுதினார்கள். சோர்த்தியில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. சோலன் மொழிகள் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே அந்த வேறுபாடு போய்விட்டது என்று காஃப்மனும் நார்மனும் 1984இல் காட்டியிருக்கிறார்கள். பேச்சில் இல்லாத நெடிலை எழுத்தர் எதற்காகக் குறித்துவைக்க வேண்டும்?

அடுத்து பாம்பும் வானமும். யுகடெக்கில் பாம்பு 'கான்', சாதாரண நெடில். வானம் 'க'அன்', நடுவில் குரல்வளை அடைபடும். கல்வெட்டில் பாம்பின் கடைசியில் 'னு' வருகிறது, வானத்தின் கடைசியில் 'ன'. அதாவது வானம் குறில் மாதிரி எழுதப்படுகிறது! லக்கதேனாவும் விக்மனும் 2004இல் விதியைத் திருத்தினார்கள்: உயிர் ஒத்துப்போகாத இடத்தில் பொதுவாக 'இ' வந்தால் நெடில், 'உ'வோ 'அ'வோ வந்தால் குரல்வளை அடைப்பு. அப்படியானால் அடைப்பு பாம்புக்கு வர வேண்டும். யுகடெக் பாம்பில் அது இல்லை, வானத்தில் இருக்கிறது. தலைகீழ்.

இன்னொன்று. சோலனில் பாம்பு, வானம், நான்கு மூன்றுமே 'சன்'. ஒரு கைதியின் "காவலர்" என்ற பட்டத்தை எழுதும்போது எழுத்தர்கள் இந்த மூன்று குறிகளையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டார்கள். 1984இல் ஹூஸ்டனே எழுதிய விஷயம் இது. காதில் வேறுவேறாக ஒலித்திருந்தால் இப்படி மாற்றிப் போட்டிருப்பார்களா?

காஃப்மன், ஜஸ்டசன், மோரா-மரின் ஆகிய ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. சொல்லோடு அடிக்கடி சேரும் விகுதியின் உயிர்தான் கடைசியில் தங்கிவிடுகிறது. 'இல்' விகுதி அடிக்கடி சேரும் சொல்லை 'னி', 'லி' என்று எழுதிப் பழகிய கை, விகுதி இல்லாதபோதும் 'னி'யோடு நிறுத்துகிறது.

அகிலா:
அப்படியென்றால் 'பஹ்லம்' என்று எழுதுவதே தவறா?

மலைமகள்:
தவறு இல்லை அகிலா. யாஷ்சிலான் என்ற மாயா நகரில் வாசலுக்கு மேல் வைத்த 8ஆம் எண் நிலைவிட்டக் கல்லில் 755ஆம் ஆண்டுச் சண்டை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. கைதிகளின் பெயர் அவர்கள் தொடையிலேயே எழுதியிருக்கும். அதில் பிடிபட்டார் என்பதற்கு சு-க-ஜ என்று இருக்கிறது. இதை இன்று 'சுஹ்கஜ்' என்று படிக்கிறார்கள், செயப்பாட்டு வினைக்கு அந்த 'ஹ்' தேவை என்பதால். அது எழுதப்படவில்லை. இன்னொரு மெய்க்கு முன்னால் வரும் 'ஹ்' ஒலியை எழுதாமல் விடுவது இந்த எழுத்தின் வழக்கம். "எழுதாததைப் படிக்காதே" என்று ஆரம்பித்தால் வினைச்சொற்களில் பாதியைப் படிக்க முடியாது.

எழுத்தச்சன் சார், பாம்பு-வானம் சிக்கல் லக்கதேனா, விக்மன் திருத்தத்துக்குத்தான் பெரிய அடி. 1998 விளக்கத்தில் பாம்புக்கு 'னு' வருவது பொருந்துகிறது, வானம்தான் இடிக்கிறது. ஒரு சொல் இடிப்பதால் பாக், தூன், சாக் எல்லாவற்றையும் கைவிட முடியாது. ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலே குறியை மாற்றிப் போடலாம், அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எழுத்தர்களின் காது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஆய்வாளர் க்ரூபேயின் 2004 கட்டுரை போதும். தொண்டையிலிருந்து வரும் மெல்லிய 'ஹ', அடிநாக்கில் உரசி வரும் 'ஜ' என்று இரண்டு வரிசைகளை நூற்றாண்டுகளாகக் குழப்பாமல் எழுதியிருக்கிறார்கள். பேச்சில் வேறுபாடு மங்கிய பிறகுதான் எழுத்திலும் குழம்புகிறது. நெடிலும் அப்படிச் செவ்வியல் காலத்திலேயே மங்கியது என்பதுதான் 1998 கட்டுரையின் வாதம். காஃப்மன், நார்மன் சொன்ன மாற்றம் நடந்தது உண்மைதான். எப்போது என்பதில்தான் சண்டை.

எழுத்தச்சன்:
'சுஹ்கஜ்' இலக்கணம் கேட்கும் 'ஹ்'. நெடிலை இலக்கணம் கேட்கவில்லை, உங்கள் விதிதான் கேட்கிறது. இரண்டும் ஒன்றல்ல. யார் எப்படிப் படித்தாலும் முதல் வரியில் ப-ல-ம என்று கல்லில் உள்ளதைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் தன் வாசிப்பைக் கொடுக்கட்டும். பொதுப் புத்தகங்கள் இரண்டாம் வரியை மட்டும் அச்சிடுவதால்தான் அகிலாவுக்கு இந்தச் சந்தேகமே வந்தது.

மலைமகள்:
இரண்டு வரி கொடுப்பது எனக்கும் சம்மதம். ஆனால் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மாயா கல்வெட்டுகளில் பலவற்றுக்கு நாள் வரை தேதி தெரியும். 'பாக்' வரும் இடங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். நெடில் மங்கியிருந்தால் பிற்காலத்தில் ப-கி குறைந்து ப-க தலைகாட்ட வேண்டும். விகுதிப் பழக்கம்தான் காரணம் என்றால் கடைசி வரை 'கி' நிற்க வேண்டும்.

எழுத்தச்சன்:
அடுக்கலாம், ஆனால் எல்லா ஊரையும் ஒரே பட்டியலில் கொட்டக்கூடாது. எழுதும் பழக்கம் பட்டறைக்குப் பட்டறை மாறும். யாஷ்சிலானைத் தனியாக, பலென்கேயைத் தனியாக எடுங்கள். 'பாக்' ஒன்று போதாது, 'தூன்', 'சாக்' இரண்டும் கூடவே வர வேண்டும். மூன்றும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் மாறியிருந்தால் நெடில் பற்றி மேலே பேசுகிறேன்.