நாங்கள் பார்ப்பது டிஆர்பியில் சேருமா?

இலங்கையில், மட்டக்களப்பு கல்லடியிலிருந்து கேட்கிறேன். அம்மம்மா ஒன்றரை வருடமாக விடாமல் பார்த்த சென்னை சீரியலைப் போன வாரம் அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள், வில்லி ஒரே நாளில் திருந்திக் காலில் விழுகிறாள், அம்மம்மா வெற்றிலை வட்டாவை மடியில் வைத்தபடியே "இதென்ன மகள், இன்னும் எவ்வளவு கதை கிடக்கு" என்று கேட்கிறா. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடியது. பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

களுவாஞ்சிகுடி அக்கா:
தங்கச்சி, டிஆர்பி என்பது ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. இலங்கையில் இருக்கிற நம்முடைய டிவி அந்தக் கணக்கிலேயே இல்லை. இந்தியாவில் 'பார்க்' என்ற அமைப்பு 2015 முதல் அளக்கிறது. அங்கே தெரிந்தெடுத்த வீடுகளில் மட்டும்தான் மீட்டர். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றைக் கலந்து அனுப்புவார்கள், மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் ஓடுகிறது என்று பதியும். யார் பார்க்கிறார் என்று காட்ட வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனி பட்டன்.

அக்கரைப்பற்று:
அப்படி வரும் ரேட்டிங் எண்ணை வைத்துத்தான் 10 விநாடி விளம்பரத்துக்கு விலை பேசுவார்கள். ரேட்டிங் விழுந்தால் விளம்பரக் காசு குறையும், ஆனால் நடிகர் சம்பளமும் செட் வாடகையும் அப்படியே நிற்கும். பெரும்பாலும் முதலில் நேரத்தைத்தான் மாற்றுவார்கள், அதிலும் எழும்பாவிட்டால் முடித்துவிடுவார்கள். உங்கள் சீரியலுக்கு நேரம் மாற்றினார்களா?

கல்லடி:
ஓம், மாற்றினார்கள்! இரவு எட்டரையிலிருந்து பகல் இரண்டு மணிக்கு. அம்மம்மா அதற்காகப் பகல் தூக்கத்தையே விட்டா.