அடைக்கோழி என்று நினைத்து ஏமாந்தேன்: உங்கள் கோழி சீக்கு வருமுன் என்ன காட்டியது?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து:

போன மாசியில் எங்கள் வீட்டில் 29 உருப்படி இருந்தன, எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி. இப்போது 18. மீதி 11-உம் ஆறே நாளில் போய்விட்டன.

முதல் நாள் காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோழிகளை மூடி வைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் மற்றதெல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு கம்புத் தானியத்துக்கு ஓடின. கருப்புப் பெட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஈடு, அதாவது ஒரு சுற்று முட்டையிடுவது, முடிகிற நேரம், உடம்பைச் சிலுப்பிக்கொண்டு வேறு நின்றதால் அடைக்கு வருகிறது என்று நினைத்துவிட்டேன். மாமியாரும் "முட்டையை எடுத்து வைம்மா" என்றார். மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் இன்னும் நாலு அதே மாதிரி. ஐந்தாம் நாள் ஒரு வெடைக்கு (இளம் பெட்டை) கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கெட் என்பார்களே, அது. வைரஸ் நோய் என்பதால், வந்தபிறகு அதைக் குணமாக்க மருந்து கிடையாது.

இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும். அடைக்கோழி கிட்டே கையைக் கொண்டுபோனால் சீறும், கொத்தும், இறக்கையை விரிக்கும். நாளைக்கு ஒருமுறை இறங்கி வந்து, பெரிய உருண்டையாக எச்சம் போட்டு, அவசரமாகத் தின்றுவிட்டுத் திரும்ப ஓடும். சீக்குக்கோழி தூக்கினாலும் எதிர்க்காது. கழுத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், வாலைத் தாழ்த்தும், இறக்கை நுனி தரையைத் தொடும். கண்ணைக் கவனியுங்கள். கீழ் இமை மெல்ல மேலே ஏறி மூடும், சத்தம் கேட்டால் திறக்கும், திரும்பவும் ஏறும். பட்டப்பகலில் அப்படி நின்றால் அது தூக்கம் இல்லை.

எங்கிருந்து வந்தது என்றால், நோய் வருவதற்கு எட்டு நாள் முன்னால் வாரச்சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே இவற்றோடு அடைத்தோம். அந்தச் சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடுப்பூசி போட்ட கோழி தனக்கு நோய் தெரியாமலே கிருமியைப் பரப்பும் என்று கால்நடை டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. என் கோழிகளுக்கு நான் ஊசி போட்டிருக்கவில்லை. பிப்ரவரியில் கால்நடைத்துறை முகாம் போட்டபோது ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து:

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. நான் ராத்திரி கவனிக்கிறதைச் சொல்றேன். எல்லாம் அடைஞ்சு அரைமணி கழிச்சு, டார்ச் அடிக்காம கூண்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். நல்ல கோழி மூச்சு காதுல விழாது. சளி பிடிச்சதுக்கு மட்டும் கொரகொரன்னு கேக்கும், இடையில தும்மல் மாதிரி ஒண்ணு வரும். பகல்ல மத்தது போடுற சத்தத்துல இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை இப்படிக் கேட்டு எடுத்துப் பார்த்தா, மூக்கு ஓட்டைல தூசி ஒட்டி ஈரமா இருந்துச்சு. மூணு நாள்ல கண்ணுக்குக் கீழ வீங்கி, கிட்டப்போனாலே நாத்தம். அதுக்குள்ள தனியா வச்சிட்டதால மத்ததுக்குப் பரவலை.

இன்னொண்ணு, கழுத்தடியில இருக்கிற தீனிப்பை. சாயங்காலம் தொட்டா தானியம் கெட்டியா நிரம்பி இருக்கணும், விடிகாலைல காலியா இருக்கணும். சாயங்காலமே காலின்னா அது சரியாத் திங்கலை. காலையிலயும் நிரம்பியிருந்தா இறங்கலை.

திருவாரூர் பக்கத்திலிருந்து:

எங்க ஊர்ல குஞ்சுக்குத்தான் ஆபத்து. ஐப்பசி மழையில தரை காயவே காயாது. நாலு வாரக் குஞ்சு பன்னெண்டு, தாயோட இறக்கைக்குள்ளயே ஒடுங்கி நின்னுச்சு. குளிருதுன்னு நெனச்சேன். மறுநாள் எச்சத்துல ரத்தம். ரத்தக்கழிச்சல். டாக்டர் தண்ணில கலக்க மருந்து கொடுத்தார், கீழ போட்டிருந்த ஈர உமியை எல்லாம் அள்ளிட்டுக் காஞ்சது போடச் சொன்னார். எட்டு பிழைச்சுது.

அதுக்கப்புறம் ஒவ்வொரு எச்சத்தையும் பார்த்துப் பயந்துட்டே இருந்தேன். பழுப்பா, கூழ் மாதிரி, நாத்தமா இருந்தா சீக்குன்னு ஓடுவேன். அது நல்ல கோழியும் போடுறதுதான். ஏழெட்டு எச்சத்துக்கு ஒண்ணு அப்படி வரும். குடல்முனைப் பையிலிருந்து வர்றது. ரத்தம், பச்சை, வெறும் தண்ணி, இதைப் பார்த்தாத்தான் பயப்படணும்.

அக்கா, செத்ததை என்ன பண்ணீங்க? எங்க பக்கம் வாய்க்கால்ல வீசிடுறாங்க. கீழ இருக்கிற வீட்டுக் கோழி அந்தத் தண்ணியைத்தானே குடிக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து:

கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம் தம்பி. சாகுமுன்னே கொடுத்துவிட்டால் பாதி விலையாவது கிடைக்கும் என்று ஒரு வியாபாரி கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோழி இன்னொரு வீட்டுக் கூண்டுக்குத்தானே போகும்.

ராத்திரி உட்கார்ந்து கேட்பதை இன்றைக்கே செய்து பார்க்கிறேன். இந்தப் பிப்ரவரியில் 18-க்கும் இறக்கைக்கடியில் ஊசி போட்டாயிற்று. புதிதாக வாங்கிய இரண்டு பெட்டைகள் மூன்று வாரத்துக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனிப் பஞ்சாரத்தில்தான். அவற்றுக்குத் தண்ணீர்ச் சட்டியும் தனி, தீனி வைப்பதும் கடைசியில்தான். இன்று ஒன்பதாம் நாள். காலையில் தூக்கியதும் இரண்டுமே கம்புக்கு ஓடி வந்தன.