டிவியில் வந்தபிறகு நகர்ந்ததும் நகராததும்

வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் கைதானால் டிவிக்காரர்களைக் கூப்பிடலாமா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளாவின் பாலக்காடு மாவட்டம்.

பெரியம்மா மகன் துபாய் விமான நிலையத்தில் பிடிபட்டார். ரூமில் கூட இருந்தவருக்கு முதுகுவலி. அவர் மனைவி கொடுத்தனுப்பிய டிராமடால் மாத்திரை அண்ணன் பெட்டியில் இருந்தது. இங்கே டாக்டர் சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் கிடைக்கும். அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்கு.

அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) உட்கார்ந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' தளத்தில் புகார் பதிந்தோம். வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறை நோர்க்காவுக்கும் மனு போட்டோம். துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எண், எந்த ஸ்டேஷன், கேஸ் நம்பர் என்று கேட்டார்கள். பாஸ்போர்ட் எண் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த ஆஸ்பத்திரியோ, சிகிச்சை விவரம் தர இன்று நாளை என்று இழுத்தடித்தது.

சென்னைச் சேனல் ஒன்றில் சொல்லிப் பார்த்தோம். "இது கேரளா நியூஸ் ஆச்சே" என்றார்கள். மலையாளச் சேனல்களும் முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டு கேரளா, வீட்டில் பேச்சு தமிழ் என்றால் இரண்டு பக்கத்துக்கும் நாம் அடுத்த வீட்டுப் பிள்ளைதான். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

கடைசியில் ஒரு நிருபர் வந்தார். பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் கையில் பிடிக்கச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது, "போட்டோ தெரியட்டும் அம்மா, கொஞ்சம் மேலே தூக்குங்க" என்றார். பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் செய்தி வந்த மறுநாளே பஞ்சாயத்து பிரசிடென்ட் வீட்டுக்கு வந்தார், எம்எல்ஏ ஆபீஸிலிருந்து போன் வந்தது, அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி காகிதம் கைக்கு வந்துவிட்டது. அதை அரபியில் மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி, அங்கிருந்த வக்கீலுக்கு அனுப்பினோம். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதால்தான் அண்ணன் ஊர் திரும்பினார்.

துபாயில் அந்தச் செய்தியால் ஒரு துரும்பும் நகரவில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36வது பிரிவுப்படி தூதரக அதிகாரி கைதியைப் பார்க்கலாம், பேசலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். விடுவிக்கச் சொல்லி அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு உத்தரவு போட முடியாது. டிவியில் எத்தனை முறை காட்டினாலும் அந்த அதிகாரம் கூடிவிடாது.

கெடுதலும் வந்தது. பேட்டியில் பெரியம்மா, "பையில என்ன இருந்ததுன்னே அவனுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். பாவம், பெற்ற மனசு. அண்ணனோ, நண்பனின் வலி மாத்திரை என்று தெரிந்தே வாங்கிவந்ததாகப் போலீஸிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தார். வக்கீல் போன் பண்ணி, இனி யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். அப்புறம் வந்த கேமராக்களை வாசலோடு திருப்பி அனுப்பினோம்.

சவூதியில் ஒரு சிறுவன் இறந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற கோழிக்கோடு அப்துல் ரஹீம் விஷயத்தில், இறந்தவன் குடும்பம் ரத்தப் பணத்துக்கு (மன்னிப்புக்கு ஈடாக வாங்கும் இழப்பீடு) ஒத்துக்கொண்டிருந்தது, தேவை பணம்தான். விஷயம் ஊரெல்லாம் பரவியதால் 2024இல் 34 கோடி ரூபாய் சேர்ந்தது, மரண தண்டனையும் ரத்தானது. ஏமனில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நர்ஸ், நம் கொல்லங்கோட்டு நிமிஷா பிரியா விஷயம் வேறு. அந்நாட்டுத் தலைநகர் சனாவில் இந்தியத் தூதரகம் இயங்கவில்லை. கொல்லப்பட்டவரின் குடும்பம் மன்னிக்க வேண்டும். 2025 ஜூலை 16 என்று குறித்திருந்த தண்டனை தள்ளிப்போனபோது, குற்றவாளியைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டுகிறார்கள் என்று கொல்லப்பட்டவரின் சகோதரர் இந்திய ஊடகங்கள்மேல் வெளிப்படையாக வருத்தப்பட்டார். மன்னிப்பு கேட்டு நிற்கிற இடத்தில் அந்தக் கூச்சல் உதவாது.

அதனால் கேமராவுக்கு முன்னால் உட்காருவதற்கு முன் கேஸ் நம்பரை வாங்குங்கள். வாக்குமூலத்தில் என்ன இருக்கிறதென்று வக்கீலிடம் கேளுங்கள். இங்கே எந்த ஆபீஸ் இழுத்தடிக்கிறதோ அதை மட்டும் நிருபரிடம் சொல்லுங்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர், வேலந்தாவளம் பக்கம் யாருக்காவது மதாத் பதிவில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், கூட வந்து உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.